மூன்றாம் ஓலை

நம்ம பங்கின் ஜூபிலி மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று புதிதாக வந்திருக்கும் உதவிச் சாமியார் என்னிடம் கேட்டார். பழைய ஞானோபதேச வகுப்பு, பழைய பூசை, வீட்டுச் செபம், இதிலெல்லாம் நடந்த வேடிக்கை ஏதாவது எழுத வேண்டுமாம். வாசிக்கிறவர்கள் சிரிக்க வேண்டும், கடைசியில் விசுவாசத்துக்கு ஒரு பாடமும் இருக்க வேண்டும் என்றார். என் மூத்த மகனுக்கு இருக்கிற வயதுகூட அவருக்கு இருக்காது. சரி சாமி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

எழுத உட்கார்ந்தால் வேடிக்கை வருகிறது, பாடம்தான் வரமாட்டேன் என்கிறது. அதனால் இது மலருக்குப் போகாது. என்னோடு அந்த ஓட்டுக் கொட்டகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொண்டை கிழியக் கேள்வி பதில் ஒப்பித்த உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நம்மில் பாதிப் பேர் கல்லறைத் தோட்டத்துக்குப் போயாகிவிட்டது. மீதிப் பேர் முட்டுவலியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பூசை காண்கிறோம். வாசித்துவிட்டுக் கோபம் வந்தாலும் எழுந்து வந்து என்னை அடிக்க உங்களால் முடியாது. அந்தத் தைரியம்தான்.

அன்றைக்கு நம்ம கோயிலில் நாற்காலியும் கிடையாது, பெஞ்சும் கிடையாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பீடத்துக்கு முன்னால் நாம். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு நேர்ந்த கோழிகளைக் காலைக் கட்டி வாசலில் போட்டிருப்பார்கள். ஒருநாள் நடுப்பூசை மணி அடிக்கிற நேரம் பார்த்து ஒரு சேவல் கட்டை அவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். கோயில்பிள்ளை அதைப் பிடிக்கப் போனார், அது பெண்கள் பக்கம் பறந்தது, ஒரு முக்காட்டின் மேலே ஏறி நின்று கூவியும் விட்டது. சாமியார் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். அது பக்தி என்று அன்றைக்கு நினைத்தோம். பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றிருப்பார்.

நேர்ச்சை விஷயத்தில் நம்ம ஊர் அவ்வளவு கறார். கருப்பட்டி வியாபாரி ஒருவர் இருந்தார். சீக்கு வந்த மாடு பிழைத்தால் தன் உயரத்துக்கு மெழுகுதிரி தருவதாக நேர்ந்துவிட்டு, மாடு எழுந்து நின்றதும் ஒரு சாண் குறைத்துக் கொடுத்தார். அடுத்த மாதமே தென்னையிலிருந்து விழுந்து அவருக்கு ஒரு கால் கட்டையாகிவிட்டது. அந்தோனியார் சாணை விடமாட்டார் என்று ஊரே சொல்லிச் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே விந்தி விந்திப் பூசையில் நன்மை அப்பம் வாங்க வருவார். பெரியவர்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது, எனக்கு அது வேதவாக்கு.

எனக்கு ஞாபகசக்தி அதிகம். அதுதான் பிடித்த சனியன். ஞானோபதேசப் புத்தகத்தில் எந்தக் கேள்வியைத் தொட்டாலும் பதிலை மூச்சு விடாமல் சொல்லுவேன். பங்குகளுக்கு இடையே நடக்கிற போட்டிக்கு என்னை அனுப்ப வேண்டும் என்று மடத்து சிஸ்டர் பெரியவர்களின் புத்தகத்தையும் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தார். விவாக விக்கினங்கள் என்று அதில் ஒரு பாடம். ஒரு கல்யாணத்தை நடக்கவிடாமல் தடுக்கிற காரணங்கள். நெருங்கிய இரத்த உறவு, ஏற்கெனவே கல்யாணம் ஆனவர், பயமுறுத்தி வாங்கிய சம்மதம், கடவுளுக்குக் கன்னிமை வார்த்தைப்பாடு கொடுத்தவர் என்று விரலை மடக்கி மடக்கிச் சொல்லுவேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள்.

வீட்டில் என் அட்டகாசம் தாங்காது. அப்பா ரப்பர் வெட்டுக்குப் போகிறவர். விடியுமுன் எழுந்து போவதால் சாயங்காலச் செபமாலையின் ஐந்து காரணிக்கத்தில் மூன்றாவதிலேயே தூங்கிவிடுவார். நான் தட்டி எழுப்பி, விட்ட மந்திரத்தை முதலிலிருந்து சொல்லச் சொல்லுவேன். ஞாயிற்றுக்கிழமை வெட்டுக்குப் போவது சாவான பாவம் என்று ஒருநாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் வைத்துச் சொன்னேன். அப்பா கையை உதறிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"இவள ரோமாபுரிக்கு அனுப்பு. போப்பாண்டவருக்கு இவ சொல்லிக் குடுக்கட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் அத்தைக்கு விவரம் தெரியுமுன்பே போய்விட்டதால் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். அண்டியாபீசில் வேலை. முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனியை நாம் அப்படித்தானே சொல்லுவோம். கொட்டையில் இருந்து தெறிக்கிற பால் பட்டுப் பட்டு அத்தையின் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். ராத்திரி சாம்பலும் தேங்காய் எண்ணெயும் போட்டுத் தேய்ப்பாள். நான் அவள் பக்கத்தில்தான் படுப்பேன். வறுத்த கொட்டையின் கமறலும் எண்ணெயும் கலந்த அந்த மணம் இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கம்பெனி வாசலில் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். அப்படியும் அத்தை கொண்டைக்குள் இரண்டு பருப்பை ஒளித்து எனக்குக் கொண்டு வருவாள். மாதம் ஒருமுறை அதைப் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிவிடுவாள். சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் கொடுப்பாராம். ரெண்டு பருப்புக்கு மூணு மந்திரம் மோசமில்லை என்று அவளுடைய கூட்டுக்காரியான ஒரு அக்கா கிண்டல் செய்வாள். அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தாள். கம்பெனியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். போகும்போதும் வரும்போதும் ஒரே குடைக்குள் நடப்பார்கள், சிரிப்புச் சத்தம்தான் முதலில் வீட்டுக்கு வந்து சேரும். ஒரே மரச்சீனிக் கிழங்கை இரண்டாகப் பிட்டு, சம்மந்தித் துவையல் தொட்டுச் சாப்பிடுவார்கள். அப்படி ஒரு சிநேகிதம் எனக்கு இந்த வயது வரைக்கும் வாய்க்கவில்லை.

எனக்கு ஏழு வயதில் விஷக்காய்ச்சல் வந்து நெய்யூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். அம்மா தம்பியைப் பெற்றுவிட்டுப் பாயில் கிடந்தாள். அத்தையும் அந்த அக்காவும்தான் முறை வைத்து என்னோடு இருந்தார்கள். பிழைப்பது கஷ்டம் என்று ஆகிவிட்ட ஒரு மத்தியானம், இந்தப் பிள்ளையைத் தந்தால் நான் மடத்துக்குப் போய்விடுகிறேன் என்று அத்தை மாதாவுக்கு நேர்ந்துவிட்டாள். அக்கா பக்கத்தில் இருந்து கேட்டவள். மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்கு வந்தபிறகு அதை ஒரு வேடிக்கையாகத்தான் அத்தை சொல்லுவாள். நான் கஞ்சி குடிக்காமல் அடம்பிடித்தால், ஒனக்காக மாதாகிட்ட என்னையே குடுத்தவளாக்கும், ஒழுங்காக் குடி என்பாள். இவ மடத்துக்குப் போனா மடமே காலியாயிரும் என்று அக்கா சிரிப்பாள். இது எங்கள் மூன்று பேருக்குள் இருந்தது. அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

ஐப்பசி மழையில் அத்தைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. களியக்காவிளையில் சொந்தமாகத் தையல்கடை வைத்திருந்தவர். கறுத்த கையைப் பார்த்துவிட்டு இரண்டு இடம் வேண்டாம் என்று போன பிறகு வந்த இடம் இது. இவர் கையைப் பார்த்துவிட்டு, ஊசி குத்திக் குத்தித் தழும்பான தன் விரல்களையும் நீட்டிக் காட்டினாராம். அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட் வாங்கிக்கொண்டு போய், கல்யாண ஜாக்கெட்டை அவரே தைத்துக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளையே துணி தைக்கிற கல்யாணத்தை ஊர் அதற்கு முன் கண்டதில்லை. அத்தை அதைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். அவ்வளவு நேரம் அவள் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை.

கல்யாணத்தைத் திருவருகைக் காலம் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும். தொடங்கிவிட்டால் கிறிஸ்மஸ் கழியும்வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. ஆகவே மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பு, மூன்றாம் ஓலைக்கு அடுத்த நாள் கல்யாணம் என்று முடிவானது. ஓலை வாசிப்பதை இன்றைக்கு யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள், செல்போனைத் தடவிக்கொண்டு இருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு மூச்சுச் சத்தம் கேட்காது. இன்னாருடைய மகன் இன்னாருக்கும் இன்னாருடைய மகள் இன்னாருக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, இதற்கு விக்கினம் ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் அதைப் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் வாசிப்பார். அத்தையின் பெயர் முதலாம் ஓலையில் வந்தபோது அவள் முக்காட்டை இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். அக்கா அவள் தொடையில் கிள்ளினாள்.

அதே வாக்கியத்தை எத்தனையோ ஞாயிறு கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என்னைப் பார்த்துப் பேசியது. விக்கினம் என்றால் என்ன என்று அந்தக் கோயிலில் என்னைவிடத் தெளிவாகத் தெரிந்தவர் யார்?

பூசை முடிந்து வகுப்பில் சிஸ்டரிடம் கேட்டேன். வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் கல்யாணம் கட்டலாமா? கூடவே கூடாது என்றார். அது யார், எதற்குக் கேட்கிறாய் என்று அவர் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். போட்டிக்கு நன்றாகத் தயார் செய்கிறேன் என்று சந்தோஷப்பட்டு, இறக்கை வைத்த சம்மனசு படம் ஒன்று கொடுத்தார். கன்னியாஸ்திரி கொடுக்கிற வார்த்தைப்பாடு வேறு, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் அழுதுகொண்டு நேர்வது வேறு. அந்த வித்தியாசம் அந்தப் புத்தகத்தில் இல்லை.

அத்தையிடமே கேட்டும் பார்த்தேன், மடத்துக்குப் போக வேண்டாமா என்று. அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் மாதாவுக்கு இப்ப ஞாபகமா இருக்கப் போவுது மக்ளே? வேளாங்கண்ணிக்குப் போயி ஒரு மெழுவுதிரி கத்திச்சு வச்சா தீந்துச்சு."

மெழுகுதிரி என்றதும் எனக்குக் கருப்பட்டிக்காரரின் கால் கண்ணுக்கு வந்தது. அவர் குறைத்தது ஒரு சாண். அத்தை மொத்தத்தையுமே குறைக்கப் போகிறாள். நேர்ந்தது யார் உயிருக்கு? என் உயிருக்கு. அப்படியானால் மாதா எதைத் திரும்ப எடுத்துக்கொள்வாள்? அந்த வாரம் மழையில் நனைந்து எனக்குச் சளி பிடித்தது, இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு உடம்பு சுட்டது. நான் சாகப் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன். சிரிக்கிறீர்கள் என்றால் சிரியுங்கள். நானும் மற்றவர்களுக்கு நடந்ததாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அன்றைக்குச் சாயங்காலம் காய்ச்சலோடு சாமியார் பங்களாவுக்குப் போனேன். சாமியார் மட்டிப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், தொந்தியும் சிரிப்புமாக இருப்பார். நான் கையைக் கட்டிக்கொண்டு, போட்டியில் நிற்கிற மாதிரி நின்று, இரண்டாம் ஓலையில் வாசித்த கல்யாணத்துக்கு விக்கினம் உண்டு, பெண் மாதாவுக்கு வார்த்தைப்பாடு கொடுத்திருக்கிறாள் என்று ஒப்பித்தேன். சாமியார் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எப்போது, எங்கே என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல அவருடைய சிரிப்பு நின்றது. இதை யாரிடமும் சொல்லாதே, நீ வந்ததை நானும் யாரிடமும் சொல்லமாட்டேன், சரியான காரியம்தான் செய்திருக்கிறாய் என்று தலையைத் தடவி ஒரு பழம் தந்தார். திரும்பி வரும்போதே எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது போல் இருந்தது.

அடுத்த ஞாயிறு சாமியார் வேறு இரண்டு ஜோடிகளுக்கு ஓலை வாசித்தார். அத்தையின் மூன்றாம் ஓலையை வாசிக்கவில்லை.

அத்தை முக்காட்டைப் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து காத்திருந்தாள். விசுவாச மந்திரம் தொடங்கி எல்லாரும் எழுந்த பிறகும் அவள் குனிந்தபடியே இருந்தாள். பெண்கள் பக்கத்தில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பூசை முடிந்ததும் அப்பா உள்ளே போய்க் கேட்டார். ஒரு சின்ன விசாரணை, ஒரு வாரம் பொறுங்கள் என்றார் சாமியார். திங்கட்கிழமை அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் அப்படியே ஒப்புக்கொண்டாள். அது மடத்து வார்த்தைப்பாடு இல்லை, வெறும் நேர்ச்சை, செபமாலை சொல்லித் தீர்த்துக்கொள்ளலாம், இதில் விக்கினமே இல்லை என்று சொல்லி, அடுத்த ஞாயிறு வாசித்தும் விட்டார். நல்ல மனுஷன்தான், சந்தேகம் வந்ததால் சட்டப்படி ஒரு வாரம் நிறுத்தினார். ஆனால் அந்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. கல்யாணம் கிறிஸ்மசுக்கு அப்பால் போய்விட்டது.

ஓலையில் வராத காரணத்தை ஊர் தானே எழுதிக்கொண்டது. கம்பெனி மேஸ்திரியோடு அவளைப் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். அண்டிப்பால் இரத்தத்தில் ஏறிவிட்டது, பிள்ளை தங்காது என்றாள் இன்னொருத்தி. நேர்ச்சைதான் காரணம் என்று அப்பா ஓடி ஓடிச் சொல்லியும் பிரயோஜனமில்லை. சொல்லச் சொல்ல அது மழுப்புவது போலத்தான் இருந்தது. ஒரு வியாழக்கிழமை மாப்பிள்ளையின் அம்மாவும் பெரியப்பாவும் வந்தார்கள். என் அம்மா போட்டுக் கொடுத்த காப்பியைத் தொடவில்லை. ஓலை நின்ற பெண்ணை எடுக்க எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை என்று அந்த அம்மாள் மரியாதையாகத்தான் சொன்னாள். மாப்பிள்ளை வரவில்லை. இரண்டு நாள் கடையைத் திறக்காமல் கிடந்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம். உயிர்த்த ஞாயிறு கழிந்து வேறு இடத்தில் கட்டிவிட்டார்.

எவளோ போய்ச் சொல்லியிருக்கிறாள் என்று அப்பா குதித்தார். யார் என்று அத்தைக்குச் சந்தேகமே இல்லை. நேர்ச்சையைப் பக்கத்தில் இருந்து கேட்டவள் ஒருத்திதான். எனக்குத் தெரியும் என்பதோ, துணி துவைக்கும்போது நான் கேட்டதோ அவளுக்கு நினைவிலேயே வரவில்லை. கஞ்சி குடிக்க வைக்கப் பிள்ளையிடம் சொன்னதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

மாப்பிள்ளை வீட்டார் வந்து போன மறுநாள் காலை கிணற்றடியில் அத்தை அந்த அக்காவை மறித்தாள். பத்துப் பதினைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். நானும் ஒரு சின்னக் குடத்தோடு நின்றேன்.

"நான் ஒனக்கு என்னட்டி செஞ்சேன்?" என்றாள் அத்தை. கத்தவில்லை, அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நான் சொல்லல்ல. மாதா சத்தியமா நான் சொல்லல்ல."

"மாதாவ இழுக்காத. அண்ணைக்கு அங்க இருந்தது நீ ஒருத்திதான்."

அக்கா சுற்றி நின்ற எல்லாரையும் பார்த்தாள். யாராவது தனக்காகப் பேசமாட்டார்களா என்று பார்த்தாள். என்னையும் பார்த்தாள், ஆனால் சின்னப் பிள்ளை என்பதால் கண் நிற்காமல் தாண்டிப் போய்விட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. பயந்தேன் என்று சொன்னால் பாதி உண்மைதான். மீதியையும் எழுதிவிடுகிறேன். எனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, அத்தையும் என் பக்கத்திலேயே படுக்கப் போகிறாள், எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இதை எழுத அறுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

அந்த அக்கா வேறு கம்பெனிக்கு மாறிப் போனாள். பிறகு கல்யாணமாகி மார்த்தாண்டத்துக்கு அப்பால் போய்விட்டாள். போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. அத்தைதான் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள், பரிசு வாங்கும்போது முன்வரிசையில் நின்று கைதட்டினாள். சாமியார் அடுத்த மே மாதம் மாறுதலாகிப் போய்விட்டார். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார், ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அவர் கொஞ்சம் ஓட்டைவாயாக இருந்திருக்கக் கூடாதா என்று நான் எத்தனை நாள் நினைத்திருக்கிறேன் தெரியுமா?

அத்தைக்குப் பிறகு ஒரு சம்பந்தமும் வரவில்லை. மடத்துக்காவது போகிறாயா என்று அப்பா ஒருமுறை கேட்டார். மனம் இல்லாமல் போனால் மாதாவை ஏமாற்றுவதாகும் என்று சொல்லிவிட்டாள். விரல்கள் மடங்காமல் போகிற வரைக்கும் அண்டியாபீசுக்குப் போனாள். கோயிலில் யாருக்காவது மூன்றாம் ஓலை வாசிக்கும் ஞாயிறு வந்தால், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போவாள். தையல்காரர் தைத்த ஜாக்கெட் வெகுகாலம் பெட்டியில் இருந்தது. தம்பி வளைகுடாவில் இருந்து வந்து பழைய வீட்டை இடித்தபோது பெட்டியோடு எங்கேயோ போய்விட்டது. என் கல்யாணத்துக்குத் தலை பின்னிவிட்டவள் அத்தை. என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவள் அத்தை. ஒவ்வொரு வருஷமும், அவளுக்கு இந்தத் தவக்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஒவ்வொரு வருஷமும் உயிர்த்த ஞாயிறு வந்துவிடும்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல் இல்லை. நான்கு சாமியார்களிடம் சொல்லியிருக்கிறேன். முதலாமவர், அறியா வயதில் செய்தது பாவமே இல்லை என்றார். இரண்டாமவர், நீ கடமையைத்தான் செய்தாய் என்றார். மூன்றாமவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தட்டிக்கு அப்பால் கேட்டது. நான்காமவரிடம், கிணற்றடியில் பேசாமல் நின்றதையும், பிறகு இத்தனை வருஷம் பேசாமல் இருந்ததையும் சொன்னேன். அப்படியானால் போய் அவர்களிடம் சொல்லுங்கள் என்று சுருக்கமாகச் சொன்னார். அவரிடம் நான் திரும்பப் போகவில்லை. பாவம் என்றால் மன்னிப்பு உண்டு. பாவமில்லை என்று மூன்று பேர் சொல்லிவிட்டால் அதை எங்கே கொண்டு போய் இறக்கி வைப்பது? உதவிச் சாமியார் கேட்ட பாடத்தை இதற்குள் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. சொல்லக் கூடாத வயதில் சொன்னேன், சொல்ல வேண்டிய வயதில் சொல்லவில்லை. இதில் எந்த இடத்தில் கடவுள் இருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

முந்தின வருஷ மழைக்காலத்தில் அத்தை போய்ச் சேர்ந்தாள். என் வீட்டில்தான். கடைசி வாரம் வரை நினைவு தெளிவாக இருந்தது. ஒருநாள் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, நான் செத்தா அவ வருவா, உள்ள விட்டுராத என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். மருந்து கொடுக்கிற நேரமாகிவிட்டது என்று எழுந்து போனேன்.

சவ அடக்கத்தன்று மத்தியானம் வீட்டுக்குள் செபமாலை நடந்துகொண்டிருந்தது. ஒரு ஆட்டோ வந்து நின்றது. பேரன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவி இறங்கினாள். வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள், உள்ளே வரவில்லை. நான் வெளியே போனேன். கறுத்த விரல்களைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. உள்ளே வாருங்கள் அக்கா என்று நான் கூப்பிடவில்லை. அத்தை சொன்னது காதில் இருந்தது.

"கடைசியில என்னப் பத்தி ஏதாவது பறஞ்சாளா மக்ளே?" என்று கேட்டாள்.

"பறஞ்சாங்க அக்கா. நீங்க சொகமா இருக்கியளான்னு கேட்டாங்க."

"அப்ப நம்பிட்டாளா, நான் சொல்லல்லன்னு?"

"நம்பிட்டாங்க."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேல் சுமந்ததை ஒரு பொய் வாங்கி வைத்துவிட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

"எவ சொன்னாளோ, அவளும் நல்லா இருக்கட்டு" என்றாள். "சின்ன வயசுல நீ அவ கூடவேதான் கெடப்ப. இஞ்ச வா."

கேட்டுக்கு மேலாகக் கையை நீட்டினாள். என் நெற்றியில் சிலுவை போடுவதற்கு. நான் குனிந்து கொடுத்தேன்.